எச்சரிக்கை போனது, சேர்ந்ததா?

2023 டிசம்பர் 17 காலையிலிருந்து மறுநாள் காலை வரை, ஒரே நாளில், காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69. தூத்துக்குடி மாவட்டம் வழக்கமாக ஓராண்டு முழுக்கப் பார்க்கும் மழையைவிடக் காயல்பட்டினத்தில் அன்று பெய்தது அதிகம். தாமிரபரணிக் கரையில் வெள்ளம் வடிவதற்குள்ளேயே சென்னைக்கும் டெல்லிக்கும் இடையில் வாதம் தொடங்கிவிட்டது. இவ்வளவு மழை வரும் என்று வானிலை ஆய்வு மையம் சொல்லவில்லை என்றது மாநில அரசு. சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தோமே என்றது மறுதரப்பு.

இரண்டு தரப்புமே பொய் சொல்லவில்லை. கவலை தருவதே அதுதான். வானிலைத் துறையின் அளவுகோலில் 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை, 11.56-ஐத் தொட்டால் மிக கனமழை, 20.45-ஐத் தொட்டால் அதி கனமழை. அதற்கு மேல் படி கிடையாது. ஆகவே 21 செ.மீ. மழைக்கும் 95 செ.மீ. மழைக்கும் ஒரே பெயர், ஒரே நிறம். முதலாவதில் தெருவில் தண்ணீர் நிற்கும், மோட்டார் வைத்து இறைத்துவிடலாம். இரண்டாவதில் குளங்கள் உடையும், ஊர் தீவாகும். கலெக்டர் அலுவலகத்துக்கு வந்த சிவப்பு நிறம் இவற்றில் எதைச் சொன்னது என்று அங்கிருந்தவர்களாலேயே பிரித்துப் பார்க்க முடிந்திருக்காது. அவர்களிடமிருந்து வி.ஏ.ஓ.வுக்கும், வி.ஏ.ஓ.விடமிருந்து ஊருக்கும் அது போய்ச் சேரும்போது என்ன மிஞ்சியிருக்கும்?

தமிழ்நாட்டுக் கடற்கரையும் ஆற்றங்கரையும் கடந்த இருபது ஆண்டுகளில் சந்தித்த பேரிடர்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் இதே விரிசல் மறுபடி மறுபடி தென்படுகிறது. எச்சரிக்கை எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது என்பதற்குக் கோப்பில் பதிவு இருக்கிறது. அது எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்கு, எந்த வார்த்தைகளில் கிடைத்தது, கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு எங்கும் பதிவு இல்லை. அதனால்தான் ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் "எச்சரித்தோம்", "எங்களுக்குத் தெரியாது" என்ற இரண்டு வாக்கியங்கள் ஒன்றையொன்று சந்திக்காமலே நின்றுவிடுகின்றன.

நம்முடைய எச்சரிக்கை மொழி பிறந்த இடத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் 'ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்கிறோம். துறைமுகத்துக் கொடிமரத்தில் பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளுமாக ஏற்றப்படும் இந்தக் குறி, கப்பல் மாலுமிகளுக்காக உருவானது. 1864-ல் கல்கத்தாவை அழித்த புயலை அடுத்து, 1865-ல் அந்தத் துறைமுகத்தில் தொடங்கியது. மொத்தம் பதினொரு எண்கள். முதல் இரண்டும் தொலைவில் இருக்கும் புயலைப் பற்றிக் கப்பல்களுக்குச் சொல்பவை; எட்டு முதல் பத்து வரை பெரிய அபாயம். பதினொன்றாம் கூண்டு தனி ரகம். வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆனாலும் ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். மேலிடத்திலிருந்து செய்தி வராவிட்டாலும் ஊரில் இருப்பவர் தன் கண்ணையும் அறிவையும் நம்பி எச்சரிக்கலாம் என்ற அனுமதி அந்த ஒரு எண்ணில் இருக்கிறது. நிலத்தில் இருக்கும் பஞ்சாயத்துத் தலைவருக்கு அப்படி ஒரு கூண்டை நாம் இன்றுவரை கொடுக்கவில்லை. கடலூர் முதுநகரிலோ பாம்பனிலோ மீன்பிடிக்கும் குடும்பத்துக்கு மூன்றாம் எண்ணுக்கும் நான்காம் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு அனுபவத்தில் தெரிந்திருக்கலாம். செய்தி கேட்கும் மற்ற லட்சக்கணக்கானோருக்கு அது வெறும் எண்.

இதற்கு நேர்மாறாக, அரசிடமிருந்து வரும் ஒரே ஓர் அறிவிப்பு மட்டும் சில நிமிடங்களில் கடைசி வீடு வரை போய்விடுகிறது: மழை விடுமுறை. இரவெல்லாம் கொட்டினால் விடியற்காலை ஐந்தரைக்கே கலெக்டரின் எக்ஸ் பக்கத்தில் பிள்ளைகள் கெஞ்ச ஆரம்பித்துவிடுகிறார்கள். 'கனமழை காரணமாக இன்று பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை, கல்லூரிகள் வழக்கம்போல் இயங்கும்' என்று ஒரு வரி வந்ததும், போன் இல்லாத வீட்டுக்கும் பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்துவிடும். ஏன் இது மட்டும் சேர்கிறது? யார் சொல்கிறார் என்று தெரிகிறது. யாருக்கு, எந்த ஊருக்கு, எந்த நாளுக்கு என்று தெரிகிறது. கேட்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. எப்படிச் சொன்னால் மக்களிடம் சேரும் என்பது நம் நிர்வாகத்துக்குத் தெரியும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அதைச் செய்வதில்லை.

சென்னையின் 2015 டிசம்பர் 1 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. தாம்பரத்தில் அந்த 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. மேலே இருந்த எத்தனையோ ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்து, ஏரியிலிருந்து விட்டதைவிடப் பல மடங்கு நீர் அடையாற்றில் ஓடியது. அறிவிப்பு இல்லாமல் இல்லை. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சொல்லும் அந்த வழக்கமான வாக்கியம் எல்லோருக்கும் தெரியும்: 'ஆற்றின் கரையோரம் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' ஜாபர்கான்பேட்டையில், கொட்டும் மழையில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? என் வீடு கரையோரமா? ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர் தன்னைக் கரையோரவாசி என்று நினைப்பதில்லை. பாதுகாப்பான இடம் எது, மாநகராட்சிப் பள்ளியா, மண்டபமா? இப்போதே கிளம்ப வேண்டுமா, விடிந்து போனால் போதுமா? தண்ணீர் முழங்கால் வரைக்குமா, முதல் மாடி வரைக்குமா? 29,000 கன அடி என்ற எண்ணைச் சொன்னால் பொறியாளருக்குப் புரியும். உங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் மூழ்கும் என்று சொன்னால் எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

அந்தப் பெருவெள்ளத்தை மனிதத் தவறால் நேர்ந்த பேரிடர் என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை பின்னாளில் குறிப்பிட்டது. 2018-ல் சட்டமன்றத்தில் அது வைக்கப்பட்டது. ஏரியை எப்போது, எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்ற கேள்வியைச் சுற்றித்தான் அதன்பின் விவாதம் நடந்தது. அது அவசியமான விவாதம். ஆனால் திறப்பது தவிர்க்க முடியாததாகவே இருந்திருந்தாலும், கோட்டூர்புரத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற கேள்விக்குப் பொறியியல் தேவையில்லை. மின்சாரம் போனது, செல்போன் டவர்கள் செத்தன, தொலைக்காட்சி இருண்டது. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக முடியாததால் டிசம்பர் 2 அன்று 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பே அச்சாகவில்லை. 1878-ல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி ஒரு நாள் வந்தது அதுவே முதல்முறை. செய்தி தடைப்பட்ட இடத்தில் வதந்தி நுழைந்தது. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று பரவிய செய்தியைப் பண்ணை நிர்வாகமே மறுக்க வேண்டியிருந்தது. எந்தத் தெருவில் படகு தேவை, எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்ற பட்டியலை முகநூலிலும் ட்விட்டரிலும் இளைஞர்கள் தயாரித்தார்கள். மாநகராட்சியிடம் இருந்திருக்க வேண்டிய பட்டியல் அது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 2 அதிகாலையில், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி வெளியேற்றப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் மாவட்ட கிராமங்கள் மூழ்கின. முன்னறிவிப்பின்றித் திறந்தார்கள் என்றது எதிர்க்கட்சி. ஐந்து முறை வெள்ள அபாய எச்சரிக்கை விடப்பட்டது என்று நீர்வளத் துறை அமைச்சர் பதில் சொன்னார். ஐந்து முறை விடப்பட்டதை நான் சந்தேகிக்கவில்லை. நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருந்த ஊரில் ஐந்தில் ஒன்றாவது எந்தக் கதவைத் தட்டியது என்பதுதான் கேட்கப்பட வேண்டியது. சட்டமன்றத்தில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தொழில்நுட்பம் இதைத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2023 அக்டோபரில் நம் எல்லோருடைய செல்போனும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். டவர் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் ஒரே நொடியில் செய்தி அனுப்பும் முறைக்கான சோதனை அது. நல்ல கருவி, சந்தேகமில்லை. அதே வகைக் கருவி ஸ்பெயினின் வலென்சியாவிலும் இருந்தது. 2024 அக்டோபர் 29 காலை 7.36-க்கே அந்த நாட்டு வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை கொடுத்தது. மாகாண அரசு போன்களுக்குச் செய்தி அனுப்பியது இரவு 8.11-க்கு. அதற்குள் பல ஊர்களில் கார்கள் மிதந்துகொண்டிருந்தன, தரைத்தள வீடுகளில் முதியவர்கள் மூழ்கியிருந்தார்கள். 220-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பொத்தான் தயாராக இருந்தது. அழுத்துவது யார் பொறுப்பு, எப்போது அழுத்தலாம் என்பதில் நேரம் கரைந்தது.

அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். தவறாகச் சொல்லிவிட்டால்? 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் 'ஏவுகணை வருகிறது' என்று தவறுதலாகப் போன செய்தி, பொய் என்று மறு செய்தி வர 38 நிமிடம் ஆனது. அந்த 38 நிமிடமும் பெற்றோர் பிள்ளைகளைக் குளியலறைக்குள் ஒளித்து வைத்தார்கள். நமக்கே அந்த அனுபவம் உண்டு. சுனாமி அடித்து நான்கே நாளில், 2004 டிசம்பர் 30 அன்று, மீண்டும் அலை வரலாம் என்று மத்திய உள்துறையிடமிருந்து எச்சரிக்கை வந்தது. வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பு அதற்கு அடிப்படை. நாகப்பட்டினத்தில் பிணங்களைப் புதைத்துக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள், நிவாரணம் நின்றது. அது ஆதாரமற்றது என்று அன்றே மத்திய அமைச்சர் ஒருவர் சொல்ல வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட நாட்கள் அதிகாரிகளின் மனத்தில் தங்கிவிடுகின்றன. ஆனால் 2012 ஏப்ரல் 11-ஐயும் சேர்த்தே நினைக்க வேண்டும். சுமத்ரா அருகே 8.6 அளவு நிலநடுக்கம். ஹைதராபாத் சுனாமி எச்சரிக்கை மையத்தின் அறிவிப்பில் தமிழகக் கடற்கரை மாலைக்குள் காலியானது. பெரிய அலை வரவில்லை. யாரும் அரசை ஏசவில்லை, வராதது நல்லது என்று வீடு திரும்பினார்கள். ஏன் சொல்கிறோம் என்பதையும் எப்போது முடிந்தது என்பதையும் நேர்மையாகச் சொன்னால், வீண் அலைச்சலை மக்கள் மன்னிக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று அதிகாரபூர்வ எச்சரிக்கை எதுவுமே இல்லை. சுமத்ராவில் நில அதிர்வு நம் நேரப்படி காலை 6.28-க்கு, அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரம் முழுவதும் வீணானது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள நல்லவாடு என்ற மீனவ ஊரில் மட்டும் வேறு கதை. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் அங்கே செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் நடத்திய அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. பூட்டை உடைத்து, மைக்கைப் பிடித்து, எல்லோரும் ஓடுங்கள் என்று கத்தினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இந்த நிகழ்வைப் பெரும்பாலும் தொழில்நுட்பத்தின் வெற்றியாகவோ அதிர்ஷ்டமாகவோ சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது வேறு. அந்த ஒலிபெருக்கி ஆபத்துக் காலத்துக்கென்று மூட்டை கட்டி வைத்ததாக இல்லை. அன்றாடம் அலையின் உயரம், வானிலை என்று மீனவர்களுக்கு வேண்டியதை அதில் சொல்லிவந்தார்கள். அந்த மைக் சொன்னால் உண்மை என்று ஊருக்குப் பழகியிருந்தது. பேசியவர்கள் உள்ளூர்க்காரர்கள்; எந்தக் குடிசையில் நடக்க முடியாத கிழவி இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவும் இல்லை. 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜானின் பதிவுகளை லட்சக்கணக்கானோர் நம்புவதற்கும் இதே காரணங்கள் பொருந்தும்: பேரிடர் இல்லாத நாளிலும் பேசுகிறார், ஊர்ப்பெயர் சொல்லிப் பேசுகிறார், பயப்பட வேண்டாத நாளில் பயப்பட வேண்டாம் என்கிறார்.

அப்படியானால் இந்த வேலைக்குப் பொருத்தமானவர் யார் என்பது வெளிப்படை. வார்டு கவுன்சிலர், பஞ்சாயத்துத் தலைவர், தூய்மைப் பணியாளர், அங்கன்வாடிப் பணியாளர். 2005-ன் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட ஆணையத்தின் தலைவராகக் கலெக்டரையும், இணைத் தலைவராக உள்ளாட்சியின் மக்கள் பிரதிநிதியையும் வைக்கிறது. இப்படி ஓர் இணைத் தலைவர் இருப்பது செய்தி ஊடகங்களுக்கே நினைவிருப்பதாகத் தெரியவில்லை. மைக் முன்னால் எப்போதும் கலெக்டரும் அமைச்சரும்தான். அதைவிட மோசம், பல முக்கியமான நாட்களில் அந்தப் பிரதிநிதிகளே கிடையாது. 2016 அக்டோபரில் தமிழக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். சென்னை மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில். 2017-ன் ஒக்கி புயல், 2018-ன் கஜா புயல், 2020-ன் கொரோனா மூன்றையும் சென்னையோ கடலோர ஊர்களோ முழுமையான மக்கள் மன்றங்களுடன் சந்திக்கவில்லை. 2025 ஜனவரியில் அந்த ஊரகப் பகுதிகளிலும் மறுபடி தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதை நாம் கட்சி அரசியலாகவே பார்த்துப் பழகிவிட்டோம். தெருவுக்குக் குரல் இல்லாமல் போகும் ஆபத்தாக அதைப் பார்க்க வேண்டும்.

குரல் இருந்தும் எட்டாத இடங்கள் தனி. ஒக்கி 2017 நவம்பர் 30 காலை புயலாக மாறியபோது, கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பகுதியின் ஆழ்கடல் படகுகள் கரையை விட்டுப் பல நாட்கள் ஆகியிருந்தன. வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிப்பவர்கள் அவர்கள். செல்போன் சிக்னலும் சாதாரண வயர்லெஸ்ஸும் அங்கே போகாது. 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற அறிவிப்பு ஏற்கெனவே கடலில் இருப்பவனுக்கு எதையும் சொல்வதில்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அதற்கு விலை கொடுத்தன. செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவிகள் அதன்பிறகே வந்தன. நிலத்திலும் எட்டாதவர்கள் உண்டு: காது கேளாதவர், சென்னையின் கட்டடப் பணியிடங்களில் தகரக் கொட்டகைக்குள் இருக்கும் பீகார், ஒடிசா தொழிலாளி. நம் மைக் ஆட்டோ இந்தியில் பேசிக் கேட்டதில்லை.

செய்தி எட்டியும் பயனில்லாமல் போவதும் உண்டு. இலங்கை மலையகத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலை மண் சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயன் வரிசைகள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது, மக்களை இடம்பெயர்க்க வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லேயே சொல்லியிருந்தது. தோட்டத்து நிலத்தில், தோட்டத்து வீட்டில், தோட்டத்துக் கூலியில் வாழ்பவர்கள் எங்கே போவது? போக இடம் காட்டாமல் 'போ' என்று சொன்னதை எச்சரிக்கை என்று கணக்கில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆபத்துக்குப் பிந்தைய மௌனம் இன்னொரு காயம். கஜாவுக்கு முன்பு தமிழக நிர்வாகம் நன்றாகவே வேலை செய்தது. 80,000-க்கும் மேற்பட்டோரை முகாம்களுக்கு அழைத்துச் சென்றது, பாராட்டும் பெற்றது. புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்தது. அதன்பிறகு தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்த கிராமங்களில், மின்சாரம் எப்போது வரும், குடிநீர் எப்போது வரும், கணக்கெடுக்க யார் வருவார் என்று சொல்ல ஆளில்லை. மறுநாள் புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் எரிந்தன. தீ வைத்ததை நியாயப்படுத்தவில்லை. 'பத்து நாள் ஆகும்' என்று ஒருவர் வந்து நேரில் சொல்லியிருந்தால் அந்தப் பத்து நாளையும் தாங்கியிருப்பார்கள். 2020 ஏப்ரலில் சென்னை, கோவை, மதுரைக்கு நான்கு நாள் முழு ஊரடங்கு என்று திடீரென அறிவித்தபோது, இடையில் இருந்த ஒரே நாளில் கடைகளின் முன் மொத்த ஊரும் முண்டியது. கூட்டம் கூடாதே என்ற செய்திதான் கூட்டத்தைக் கூட்டியது. காய்கறி வண்டி எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்பதை முதல் வரியாகவும் ஊரடங்கை இரண்டாம் வரியாகவும் சொல்லியிருக்கலாம்.

தொழிற்சாலைகளின் பக்கம் இன்னும் இருட்டு. 1989-ன் அபாயகர வேதிப்பொருள் விதிகள், விபத்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கின்றன. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறித் தெருவுக்கு வந்தவர்களுக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. காற்றுக்குக் குறுக்காகப் போ, ஈரத்துணியால் மூக்கை மூடு என்ற இரண்டு வரிகளைச் சுவரில் எழுதி வைக்கப் பெரிய செலவு ஆகாது.

செய்யக்கூடியவை இவற்றிலேயே இருக்கின்றன. 2022 ஆகஸ்டில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி, வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லுங்கள் என்று தலைமைச் செயலாளர் இறையன்பு கலெக்டர்களுக்கு எழுதினார். மனித மாண்பை முன்னிட்ட சரியான முடிவு. அந்த ஒலிபெருக்கியில் என்ன சொல்வது என்பதை இப்போது தெருத்தெருவாக எழுத வேண்டும். 2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று சைதாப்பேட்டையிலும் முடிச்சூரிலும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் சுவரில் கை வைத்துக் காட்டுவார். அந்தக் கோட்டை மின்கம்பத்தில் பெயிண்டால் போட்டு, ஆற்றில் இத்தனை கன அடி வந்தால் இதுவரை ஏறும் என்று பக்கத்தில் எழுதலாம். 1077, 1913 எண்களுக்கு வரும் அழைப்புகளை வார்டு வாரியாகப் பிரித்து அன்றே கவுன்சிலருக்குத் தரலாம். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும், சேத மதிப்பீட்டுப் படிவத்திலேயே மூன்று கேள்விகளைச் சேர்க்கலாம்: உங்களுக்கு எப்போது தெரிந்தது, யார் சொன்னார், கேட்டதும் என்ன செய்தீர்கள்?

நாளும் தயாராகவே இருக்கிறது. நவம்பர் 1-ஐ உள்ளாட்சி தினமாக அறிவித்து, கிராம சபையும் நகரங்களில் பகுதி சபையும் கூட்டுகிறது தமிழ்நாடு அரசு. வடகிழக்குப் பருவமழை வேகமெடுக்கும் வாரம் அது. ஒலிபெருக்கி யார் வீட்டில் இருக்கிறது, மின்சாரம் போனால் அதற்கு பேட்டரி உண்டா, முகாம் எந்தப் பள்ளி, அதன் சாவி யாரிடம், படுத்த படுக்கையாய் இருப்பவர் எந்தெந்த வீட்டில், அவரைத் தூக்கிச் செல்லப்போகும் இரண்டு பேர் யார் என்று அந்தக் கூட்டத்திலேயே கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடலாம்.